ஏழு வாரம் சாட், ஒரு மணி நேரச் சந்திப்பு

கேள்வி: எனக்கு 33 வயது. வீட்டிலிருந்தபடி தொழில்நுட்ப ஆவணங்கள் எழுதும் வேலை. வேலை மூலமாகப் புதியவர்களைச் சந்திக்க வழியே இல்லை. இரண்டு வருடமாக டேட்டிங் ஆப்பில் இருக்கிறேன். சில மாதங்களுக்கு முன் அதில் ஒரு பெண்ணோடு பேச ஆரம்பித்தேன். ஏழு வாரம், தினமும், சில நாள் விடிய விடிய. என் அப்பா இறந்ததைப் பற்றி மனம்விட்டு எழுதியதே அவரிடம்தான். பிறகு ஒருநாள் நேரில் சந்தித்தோம். ஒரு மணி நேரம். எனக்குப் பேச்சே வரவில்லை, அவருக்கும்தான். கிளம்பும்போது "நண்பர்களாகவே இருப்போம்" என்றார். அதன் பிறகு சாட்டும் மெல்ல மெல்ல நின்றுவிட்டது.

"அந்த ஆப்பைத் தூக்கிப் போட்டுட்டு வெளியே போய் மனுஷங்களைப் பாருடா" என்கிறார் அக்கா. ஆப்பில் சந்தித்துத் திருமணம் செய்துகொண்ட நண்பன், "பொறுமையா இரு, அமையும்" என்கிறான். யார் சொல்வது சரி? அந்த ஏழு வாரம் நான் உணர்ந்ததெல்லாம் பொய்யா? இன்னொன்றும் கேட்க வேண்டும். சில மாதங்களாக வார இறுதியில் பேட்மின்டன் ஆடப் போகிறேன். அங்கே வரும் ஒரு பெண் என்னிடம் நன்றாகப் பேசுகிறார். அது வெறும் நட்பா, அதற்கு மேலா என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. எழுத்தில் நான் சரளமான ஆள். நேரில் வாயடைத்துப் போகிறேன்.

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

மனநல ஆலோசகரின் பதில்:

உங்கள் மூன்று கேள்விகளில் நடுவில் உள்ளதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது.

நீங்கள் உணர்ந்தது பொய்யில்லை. அப்பாவைப் பற்றி ஒருவரிடம் சொல்ல முடிந்தது, சொன்னதும் மனம் லேசானது, மறுநாள் எழுந்ததும் அவர் பதில் வந்திருக்கிறதா என்று போனைத் தேடியது, எல்லாம் நிஜம். ஆனால் அந்த நிஜத்திலிருந்து நீங்கள் ஒரு முடிவுக்கு வந்தீர்கள்: "இவரும் நானும் பொருந்துவோம்." அந்த முடிவுக்குத் தேவையான தகவல் அந்த ஏழு வாரத்தில் உங்களிடம் இல்லை. அவரிடமும் இல்லை.

எழுத்து மூலமாக மட்டும் பழகும்போது, நேரில் பழகுவதைவிட அதிகமான நெருக்கம் உண்டாகலாம் என்று 1996-இலேயே அமெரிக்கத் தொடர்பியல் ஆய்வாளர் ஜோசஃப் வால்தர் விளக்கியிருக்கிறார். ஆப்புகளோ ஸ்மார்ட்போனோ இல்லாத காலம் அது. அவர் பார்த்தது மின்னஞ்சலையும் கணினிவழி உரையாடலையும். ஆனாலும் அவர் சொன்னது இன்றைய சாட்டுக்கு அப்படியே பொருந்துகிறது. எழுதுகிறவருக்கு யோசிக்க நேரம் இருக்கிறது. அடித்துத் திருத்தலாம், தன்னுடைய நல்ல பக்கத்தை மட்டும் காட்டலாம். படிக்கிறவருக்கு எதிராளியின் குரல், முகம், தயக்கம் எதுவும் கிடைப்பதில்லை. இல்லாத இடங்களை எல்லாம் தன் விருப்பத்தால் நிரப்பிக்கொள்கிறார். பிறகு அந்தக் கற்பனை மனிதருக்கு ஏற்ற மாதிரி பதில் எழுதுகிறார். அந்தப் பதிலுக்கு ஏற்ற மாதிரி எதிராளியும் கொஞ்சம் மாறுகிறார். இரண்டு பேரும் சேர்ந்து, யாரையும் ஏமாற்றும் எண்ணமே இல்லாமல், இல்லாத இரண்டு பேரை உருவாக்கிவிடுகிறார்கள். நீங்கள் எழுதிச் சம்பாதிக்கிறவர் வேறு. உங்கள் வரிகள் சராசரி ஆளின் வரிகளைவிட நன்றாகவே இருந்திருக்கும்.

அந்த ஒரு மணி நேரத்தையும் யோசித்துப் பாருங்கள். ஒருவரை ஒருவர் முதல்முறை பார்க்கிற இரண்டு பேர். அவர் எப்படிச் சிரிப்பார், பேச்சுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி விடுவார், கேட்கும்போது கண்ணைப் பார்ப்பாரா என்று எதுவும் உங்களுக்குத் தெரியாது. ஆனால் அவருடைய பெரிய துக்கங்கள் தெரியும், உங்களுடையது அவருக்குத் தெரியும். இவ்வளவு தெரிந்த பிறகு "வரும்போது டிராஃபிக் எப்படி இருந்தது?" என்று கேட்பது அபத்தமாக இருக்கும். அப்பாவின் மரணத்தைப் பற்றி ஆரம்பிக்கவும் வாய் வராது. சாதாரணப் பேச்சுக்கு வழியில்லை, ஆழமான பேச்சுக்குத் துணிச்சல் இல்லை. அந்த மௌனத்தை நீங்கள் உங்கள் கூச்சத்தின் கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். வாயாடி ஒருவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்திருந்தாலும் திணறியிருப்பார்.

அன்றே என்னிடம் கேட்டிருந்தால், இன்னும் ஒருமுறை சந்தியுங்கள், நடுவில் சாட் செய்யாமல் சந்தியுங்கள் என்று சொல்லியிருப்பேன். ஏழு வார எதிர்பார்ப்போடு போகும் முதல் சந்திப்பில் நாம் எதிரில் இருப்பவரைப் பார்ப்பதில்லை. மனதில் இருப்பவரிடமிருந்து அவர் எவ்வளவு விலகியிருக்கிறார் என்றுதான் பார்க்கிறோம். இப்போது அவர் தன் முடிவைச் சொல்லிவிட்டார், சாட்டும் நின்றுவிட்டது. மீண்டும் கதவைத் தட்ட வேண்டாம்.

இனி அக்காவுக்கும் நண்பருக்கும் நடக்கிற வழக்குக்கு வருவோம்.

ஆப்பா, நேரிலா என்று கேட்கும்போது, ஒன்று செயற்கை, மற்றது இயற்கை என்ற எண்ணம் பின்னால் ஒளிந்திருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. என்னிடம் வருகிறவர்களின் கதைகளைக் கேட்டவரையில், இரண்டுக்கும் உள்ள முக்கியமான வித்தியாசம் வரிசையில்தான் இருக்கிறது. ஆப்பில் முதலில் முடிவெடுக்கிறோம், பிறகு தெரிந்துகொள்கிறோம். ஒரே ஆட்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் இடங்களில் முதலில் தெரிந்துகொள்கிறோம், முடிவு தானாகப் பின்னால் வருகிறது. பலபேர் ஆப்பில் சலித்துப்போவதற்கு இந்தத் தலைகீழ் வரிசையே காரணம் என்று நினைக்கிறேன்.

நான்கு போட்டோ, வயது, உயரம், வேலை, பிடித்த இசை. இதை வைத்துச் சில நொடிகளில் வேண்டும், வேண்டாம் என்று ஒரு மனிதரைத் தள்ளுகிறீர்கள். நமக்கு யார் பிடிக்கும் என்று நமக்கே முன்கூட்டித் தெரியும் என்ற நம்பிக்கையில்தான் இந்த ஏற்பாடு முழுக்க நிற்கிறது. அந்த நம்பிக்கை அவ்வளவு உறுதியானதில்லை. பால் ஈஸ்ட்விக், ஈலை ஃபின்கல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், துணையிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று முதலில் கேட்டுக் குறித்துக்கொண்டு, பிறகு அதே ஆட்களைச் சில நிமிடச் சந்திப்புகளில் பலரோடு பேச வைத்தார்கள். அழகு முக்கியம் என்றவர்களுக்கு அழகானவர்களை மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பிடித்ததா, வருமானம் முக்கியம் என்றவர்களுக்கு நன்றாகச் சம்பாதிக்கிறவர்களைப் பிடித்ததா என்று பார்த்தால், சொன்னதற்கும் நேரில் பிடித்ததற்கும் தொடர்பு காணவில்லை.

2017-இல் சமந்தா ஜோயல் இந்த இருவரோடு சேர்ந்து இன்னும் ஒரு படி போனார். ஒவ்வொருவரின் குணம், விருப்பம் பற்றியும் 100-க்கு மேற்பட்ட தகவல்களைத் திரட்டிக் கணினியிடம் கொடுத்து, யாருக்கு யாரைப் பிடிக்கும் என்று கணிக்கச் சொன்னார்கள். பொதுவாக யாரைப் பலருக்கும் பிடிக்கும் என்பதை அது ஓரளவு சொன்னது. பொதுவாக யார் பலரையும் விரும்புவார் என்பதையும் ஓரளவு சொன்னது. இந்தக் குறிப்பிட்ட ஆளுக்கு அந்தக் குறிப்பிட்ட ஆள் மேல் தனியாக ஓர் ஈர்ப்பு வருமா என்பதை மட்டும் சொல்லவே முடியவில்லை. நாம் ஆப்பில் தேடுவது அந்த மூன்றாவதைத்தான். ஆகவே, ஏதாவது ஆப் உங்களுக்கும் இன்னொருவருக்கும் இத்தனை சதவீதப் பொருத்தம் என்று எண் காட்டினால், சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அந்த எண்ணை நம்பி ஒருவரை ஒதுக்கவும் வேண்டாம்.

மறுபக்கத்திற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது, உங்களைப் போன்றவர்களுக்கு அது ஆறுதல் தரும். 2015-இல் 167 ஜோடிகளை வைத்து நடந்த ஆய்வு. பார்த்த கொஞ்ச நாளிலேயே காதலிக்க ஆரம்பித்தவர்கள், வெளியாட்கள் போட்ட மதிப்பெண்ணின்படி, தோற்ற அழகில் ஏறக்குறைய ஒரே தரத்தில் இருந்தார்கள். நீண்ட நாள் பழகிய பிறகு காதலிக்க ஆரம்பித்தவர்களிடம் அந்தப் பொருத்தம் தளர்ந்திருந்தது. அதாவது, பழகப் பழகத்தான் சிலருடைய ஈர்ப்பு மற்றவர் கண்ணுக்குத் தெரிகிறது. தோற்றத்தைத் தாண்டிய நகைச்சுவை, நிதானம், தோற்றால் எப்படி நடந்துகொள்கிறார், தன்னைவிட மெதுவாக ஆடுகிறவரிடம் எவ்வளவு பொறுமையாக இருக்கிறார், இதெல்லாம் போட்டோவில் வராது. முதல் சந்திப்பிலும் பெரும்பாலும் வராது. உங்கள் கடிதத்தின்படியே நீங்கள் மெதுவாகத் திறக்கிற ஆள். முதல் ஐந்து நிமிடத்தில் ஜொலிப்பவர்களுக்குச் சாதகமான ஓர் இடத்தில் இரண்டு வருடம் நின்றுவிட்டு, தன்னிடம்தான் ஏதோ குறை என்று முடிவுகட்டுவது உங்களுக்கு நீங்களே செய்யும் அநியாயம்.

அப்படியென்றால் அக்கா சொல்வதுபோல் ஆப்பைத் தூக்கிப் போடலாமா? போட வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகச் சமூகவியலாளர் மைக்கேல் ரோசன்ஃபெல்டும் அவருடன் இருவரும் 2019-இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். அமெரிக்காவில் 2017-இல் சந்தித்த ஆண்-பெண் ஜோடிகளில் சுமார் 39 சதவீதம் பேர் இணையம் வழியாகச் சந்தித்தவர்கள். 1995-இல் மூன்றில் ஒரு பங்கு ஜோடிகள் நண்பர்கள் மூலம் சந்தித்திருந்தார்கள். 2017-இல் அது 20 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. ஒருபாலின ஜோடிகளில் இணையத்தின் பங்கு இன்னும் அதிகம், மூன்றில் இரண்டு பங்கை ஒட்டி. தன்னைப் போன்ற ஒருவர் பக்கத்தில் எங்கே இருக்கிறார் என்று தேட வேறு வழியில்லாதவர்களுக்கு ஆப் ஆடம்பரப் பொருள் இல்லை. இரவுப் பணியில் இருப்பவர், விவாகரத்துக்குப் பிறகு நண்பர் வட்டமே பாதியானவர், வீட்டில் உட்கார்ந்து வேலை செய்யும் நீங்கள், எல்லோரும் அந்த வரிசையில் வருகிறவர்கள்.

அதோடு, அக்கா "வெளியே போ" என்கிறாரே, எந்த வெளியே? காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நடப்பவர்கள் நிறைந்த தெருவில் யாரையும் சந்திக்க முடியாது. ஒருமுறை மட்டும் போகும் விழாவிலும், ஒருநாள் பயிற்சி வகுப்பிலும் உங்களைப் போன்றவருக்குப் பெரிதாக எதுவும் நடக்காது. வாய் திறப்பதற்குள் எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். உங்களுக்குத் தேவை, அதே பத்துப் பதினைந்து பேர் வாரா வாரம் வருகிற இடம். பேட்மின்டன் அப்படிப்பட்ட இடம். இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள முடிந்தால் நல்லது: பாட்டு வகுப்போ, வாசிப்புக் குழுவோ, தன்னார்வ வேலையோ. அங்கே துணை தேடிப் போக வேண்டாம். பிடித்து செய்யக்கூடிய வேலையாகத் தேர்ந்தெடுத்தால் போதும், ஆட்கள் தாமாகவே பரிச்சயமாவார்கள். அவர்களுக்கும் நண்பர்கள் இருப்பார்கள்.

நண்பர் சொல்லும் "பொறுமை"யில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆப்பில் பொறுமையாக இருப்பது என்றால் இன்னும் நிறையப் பார்ப்பது என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். நெதர்லாந்தில் டிலா ப்ராங்க், யாப் டெனிசன் இருவரும் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், ப்ரொஃபைல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கப் பார்க்க ஆட்கள் மேலும் மேலும் நிராகரிப்பவர்களாக மாறினார்கள். முதல் ப்ரொஃபைலுக்கும் கடைசி ப்ரொஃபைலுக்கும் இடையில் "சரி" என்று சொல்லும் வாய்ப்பு 27 சதவீதம் குறைந்திருந்தது. கடைசியில் வந்தவர்கள் மோசமானவர்கள் என்பதால் இல்லை. பார்க்கிறவரின் மனநிலை மாறிப்போனதால். இரவு பதினொரு மணிக்குப் படுத்துக்கொண்டு ஸ்வைப் செய்கிறீர்களா? அதை நிறுத்துங்கள். பகலில், ஒரு நாளைக்குப் பத்துப் பேர். அதற்கு மேல் பார்க்காதீர்கள்.

ஆப்பில் எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்ற பேச்சை அக்காவும் சொல்லியிருப்பார். 2007-இல் ஜெஃப்ரி ஹான்காக் குழுவினர் நியூயார்க்கில் 80 பேரை வரவழைத்து, டேப் வைத்து உயரம் அளந்து, எடை பார்த்து, அடையாள அட்டையில் வயதையும் சரிபார்த்தார்கள். பத்தில் எட்டுப் பேர் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றையாவது மாற்றிப் போட்டிருந்தார்கள். ஆனால் பெரும்பாலும் சின்ன மாற்றம்தான்: கொஞ்சம் கூட்டிய உயரம், கொஞ்சம் குறைத்த எடை. நேரில் பார்ப்போம் என்ற பயம் ஆளை ஓரளவு நேர்மையாக வைத்திருக்கிறது. பயப்பட வேண்டிய பொய் வேறு. வீடியோ காலுக்கு வரவே மாட்டார், சந்திப்புக்கு ஒவ்வொரு முறையும் தடங்கல் வரும், பாசம் மட்டும் மளமளவென்று வளரும், ஒருநாள் அவசரத்துக்குப் பணம் கேட்பார் அல்லது லாபம் தரும் முதலீடு ஒன்றைச் சொல்லித்தருவார். நேரில் பார்க்காதவருக்கு ஒரு காசும் அனுப்பக் கூடாது, எவ்வளவு உருக்கமான காரணமாக இருந்தாலும்.

சரி, ஆப்பை வைத்துக்கொண்டே அதன் தலைகீழ் வரிசையை எப்படித் திருத்துவது? சாட்டைச் சுருக்குங்கள். உங்களுக்கு நான் சொல்வதில் இதுவே முக்கியம். ஒருவரோடு பேச ஆரம்பித்து ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். அதற்குள் ஒரு குட்டி வீடியோ கால். பதினைந்து நிமிடம் போதும், ஆள் நிஜம்தான் என்பது தெரியும், குரலும் கேட்கும். பிறகு பகல் நேரத்தில், ஆட்கள் நடமாடும் பொது இடத்தில், எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதை முன்பே சொல்லிவிட்டு ஒரு சந்திப்பு. எங்கே போகிறேன் என்று அக்காவிடமோ நண்பரிடமோ சொல்லிவிட்டுப் போங்கள். ஆண்களுக்கும் இது பொருந்தும். எதிரெதிரே உட்கார்வதைவிட நடந்துகொண்டே பேசுங்கள். கூச்சமுள்ளவர்களுக்கு அது பெரிய உதவி: கண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை, மௌனம் வந்தாலும் நடை இருக்கிறது, கண்ணில் படுவதைப் பற்றிப் பேசலாம்.

அழைப்பது எப்படி என்று தயங்குவீர்கள். உங்கள் பலம் எழுத்து, அதை இங்கே பயன்படுத்துங்கள். "உங்களோட பேசறது நல்லா இருக்கு. ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன், எழுத்துல நான் தைரியசாலி, நேர்ல ஆரம்பத்துல கொஞ்சம் அமைதியா இருப்பேன். இந்த வாரம் ஒரு மணி நேரம் நடந்துகிட்டே பேசலாமா?" இப்படி எழுதிப் பாருங்கள். அமைதியாக இருப்பேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், அந்த அமைதியை அவர் அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார். நீங்களும் அதை மறைக்கப் போராட வேண்டியதில்லை. அப்பாவைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றும்போது, அந்த விஷயத்தை மட்டும் நேரில் சொல்ல வைத்திருங்கள். ஒருவர் உங்கள் துக்கத்தைக் கேட்கும்போது அவர் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

முதல் சந்திப்பில் மனம் துள்ளவில்லை என்றால்? வெறுப்போ உறுத்தலோ இல்லாதவரை, அவரும் சம்மதித்தால், இரண்டாம் முறை போங்கள். மெதுவாகத் திறக்கிற ஆள் நீங்கள் என்றால் எதிரில் இருப்பவரும் அப்படி இருக்கலாம் அல்லவா? ஆனால் அவமதிப்பு, மிரட்டும் தொனி, வேண்டாம் என்றதையும் வற்புறுத்துவது, இவற்றுக்கு இரண்டாம் வாய்ப்பே கிடையாது. அங்கே உள்ளுணர்வைக் கேளுங்கள்.

எந்த வழியில் சந்தித்தவர்களின் உறவு நீடிக்கிறது என்றும் சிலர் கேட்பார்கள். 2005-க்கும் 2012-க்கும் இடையே திருமணமான 19,000-க்கு மேற்பட்ட அமெரிக்கர்களை வைத்து 2013-இல் வந்த ஆய்வில், இணையத்தில் சந்தித்தவர்களின் திருமணங்கள் முறிவது சற்றுக் குறைவாக இருந்தது. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ஓர் ஆன்லைன் டேட்டிங் நிறுவனம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வித்தியாசமும் சின்னதுதான். சேர்ந்து வாழத் தொடங்கி ஓர் ஆண்டு போனால், எங்கே சந்தித்தோம் என்பது விருந்தினரிடம் சொல்லும் கதையாக மட்டும் மிஞ்சும்.

உங்கள் கூச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. புதியவர்களிடம் ஆரம்பத்தில் பேச்சு வராமல் இருப்பது குணம், நோயில்லை. ஆனால் சந்திப்புக்கு முந்தைய நாளே நெஞ்சு படபடப்பதும், கை நடுங்குவதும், ஏதாவது சாக்குச் சொல்லித் தவிர்ப்பதும், போய்வந்த பிறகு என்ன உளறினேன் என்று நாள்கணக்கில் மனதில் ஓட்டிப் பார்ப்பதும் வழக்கமாக இருந்தால், அது சமூகப் பதற்றமாக இருக்கலாம். பயத்தை வளர்க்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசிப் பேசி மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (CBT) அதற்கு நன்றாகவே பலன் தருகிறது; வாரம் ஒருமுறையாக 12 முதல் 16 அமர்வுகள் வரை ஆகும். அப்படித் தோன்றினால் நேரில் ஓர் ஆலோசகரைப் பாருங்கள். டேட்டிங்குக்காக மட்டும் சொல்லவில்லை.

கடைசியாகப் பேட்மின்டன்.

1992-இல் ரிச்சர்ட் மோர்லண்ட், ஸ்காட் பீச் என்ற இருவர் ஒரு வேடிக்கையான ஆய்வு செய்தார்கள். தோற்றத்தில் ஒத்த நான்கு பெண்களை ஒரு பெரிய கல்லூரி வகுப்புக்கு அனுப்பினார்கள். ஒருவர் ஒருமுறைகூடப் போகவில்லை, மற்றவர்கள் 5, 10, 15 முறை போய் யாரோடும் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வந்தார்கள். பருவம் முடிந்ததும் மாணவர்களிடம் நால்வரின் படத்தையும் காட்டிக் கேட்டால், அதிகமுறை வந்தவரையே அதிகம் பிடித்திருந்தது. பேசாமலே! ஆக, வாரா வாரம் போவதே உங்களுக்காக வேலை செய்துகொண்டிருக்கிறது. அந்தப் பெண் உங்களிடம் சகஜமாக இருப்பதற்குக் காரணமும் வெறும் இந்தப் பரிச்சயமாக இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

அவர் தானாக வந்து பேச்சைத் தொடங்குகிறாரா, போன வாரம் நீங்கள் சொன்னதை நினைவு வைத்துக் கேட்கிறாரா, கிளம்ப வேண்டியவர் கொஞ்சம் நின்று பேசிவிட்டுப் போகிறாரா, ஆட்டத்தைத் தாண்டிய விஷயங்களைச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். இவை எல்லாம் இருந்தாலும் அது நட்பாகவே இருக்கலாம். சைகைகளைப் படித்து விடை கண்டுபிடிக்கும் திறமை நம்மில் யாருக்குமே அவ்வளவாக இல்லை. பயந்தவர் எல்லாவற்றையும் இல்லை என்று படிப்பார், ஆசைப்பட்டவர் ஆமாம் என்று படிப்பார். உங்களுக்கு ஒரு தகவல்: 2018-இல் எரிகா பூத்பியும் சக ஆய்வாளர்களும், அப்போதுதான் பேசி முடித்த இருவரிடம் தனித்தனியே கேட்டுப் பார்த்தார்கள். எதிராளிக்குத் தன்னைப் பிடித்திருக்கும் என்று நினைத்ததைவிட, உண்மையில் அவருக்குத் தன்னை அதிகமாகவே பிடித்திருந்தது. நீங்கள் "சொதப்பிட்டேன்" என்று வீட்டுக்கு வரும் நாட்களில் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதே எதுவும் கேட்க வேண்டாம். இன்னும் சில வாரம், ஆட்டம் முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு ஓடாமல், பத்து நிமிடம் நின்று பேசுங்கள். அவருக்குத் துணை யாரும் இருக்கிறாரா என்பதுகூட அந்தப் பேச்சில் தானாகத் தெரிந்துவிடலாம். இங்கேதான் உங்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. போன் நம்பரை வாங்கி, அன்றிரவே நீளமாக, அழகாக ஒரு மெசேஜ் எழுத உங்கள் கை துடிக்கும். எழுதினால் அவர் பதில் எழுதுவார், நீங்கள் இன்னும் நீளமாக எழுதுவீர்கள். நேரில் கிடைத்திருக்கும் ஒரே ஆளையும் ஏழு வாரச் சாட்டாக மாற்றிவிடுவீர்கள். குழுவில் நம்பர் இருந்தால் ஆட்ட நேரம் மாறுவதைச் சொல்ல மட்டும் அது உதவட்டும்.

கேட்கலாம் என்று தோன்றும் நாளில் ஒரே ஒருமுறை கேளுங்கள். அவர் அங்கே ஆட வருகிறார். மற்றவர்கள் முன்னால் கேட்டோ, காரில் இறக்கிவிடும்போது கேட்டோ அவரைத் தர்மசங்கடத்தில் நிறுத்தாதீர்கள். சுலபமாக மறுத்துவிட்டு நகரக்கூடிய நேரமாகப் பாருங்கள். "ஒரு நாள் ஆட்டத்துக்கு வெளியே சந்திக்கலாமா? உங்களோட இன்னும் பேசணும்னு தோணுது. வேண்டாம்னா தயங்காம சொல்லுங்க, ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்." இவ்வளவு போதும். "பாக்கலாம்", "இப்ப கொஞ்சம் பிஸி" என்று சொல்லிவிட்டு அவராக வேறு நாள் எதுவும் சொல்லவில்லை என்றால், அதை மறுப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். மறுபடி கேட்க வேண்டாம், நண்பர்கள் மூலம் விசாரிக்கவும் வேண்டாம்.

மறுத்தால் அடுத்த வாரமும் ஆடப் போங்கள். காணாமல் போனால் நீங்கள் அவருக்காக மட்டும்தான் வந்தீர்கள் என்றாகிவிடும், அவருக்கும் அது பாரம். பார்த்தால் தலையசையுங்கள், வழக்கமான நாலு வார்த்தை பேசுங்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். அவர் ஒதுங்குவது தெரிந்தால், வேறு நேரத்துக்கு மாறிக்கொள்வது உங்கள் பொறுப்பு. இல்லையென்றால் இரண்டு வாரம் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். மூன்றாம் வாரம் ஸ்கோர் என்ன, யாருடைய சர்வீஸ் என்ற சண்டை வந்துவிடும்.